மலைப்பள்ளியின் ஆண்டறிக்கை

தொடக்கப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் வாசிக்கப்படும் ஆண்டறிக்கைக்கு எழுதப்படாத ஓர் ஒழுங்கு உண்டு. மாணவர் எண்ணிக்கை, கொண்டாடிய விழாக்கள், போட்டிகளில் கிடைத்த பரிசுகள், நன்கொடையாளர்களுக்கு நன்றி என்ற வரிசையில் அது முடிந்துவிடும். 2024-25 கல்வியாண்டுக்கான எங்கள் பள்ளி அறிக்கையில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பகுதியை நான் எழுதினேன். விழா மேடையில் நேரம் கருதிச் சில வரிகளாகச் சுருக்கப்பட்ட அந்தப் பகுதியை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆறு வயதும் ஏழு வயதும் எட்டு வயதும் ஆன பிள்ளைகளின் ஓராண்டுச் சாதனையைப் பரிசுப் பட்டியலில் தேடுவது பொருத்தமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு செயல்பாட்டில் வகுப்பின் எல்லாப் பிள்ளைகளும் பங்கு கொண்டார்களா, ஜூன் மாதத்தில் செய்ய இயலாத எதை ஒவ்வொருவரும் ஏப்ரலில் செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வதாக அறிக்கை இருக்க வேண்டும்.

எங்களுடையது ஏற்காடு ஒன்றியத்தின் உட்பகுதியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஈராசிரியர் பள்ளி. நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியை பார்த்துக்கொள்கிறார். மற்ற மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னோடு இருக்கின்றன. பிள்ளைகளில் பெரும்பாலோர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு வந்ததாகச் சொல்லும், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிறிய அளவில் சொந்தக் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு. எஸ்டேட்டுகளில் தினக்கூலிக்குப் போகும் வீடுகள் அதைவிட அதிகம். பள்ளிக்கு வரும் பாதை பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைதான். மழைக்காலத்தில் மேகம் தரையிறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் வருபவர்கூடத் தெரியமாட்டார்.

மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகவே பலரும் பார்க்கிறார்கள். 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அந்தப் பார்வையை ஓரளவு மாற்றியது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்ததால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்யவும், 2025ஆம் ஆண்டுக்குள் 8 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வழிசெய்வதே அதன் நோக்கம். அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையின்படி பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரும்பு நிலையில் இருக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை மலரில் இருக்கலாம். எங்களைப் போன்ற பள்ளிக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும், அவ்வப்போது சிறிய பிள்ளை பெரிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் இங்கே அன்றாடம் நடப்பவை. திட்டம் குறித்திருந்த 2025 இந்தக் கல்வியாண்டிலேயே வந்ததால், ஆண்டு முழுவதும் அந்த இலக்கு என் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது.

2024 ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. மலையில் ஜூன் என்பது சாரலும் குளிரும் நிறைந்த மாதம். புதிதாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் முதல் சில நாட்கள் அம்மாவின் முந்தானையை விடவே மாட்டார்கள். அவர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில் பாதிப் பங்கு காலை உணவுக்கு உரியது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஊர்ப் பெண்கள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் பிள்ளைக்குச் சுடச்சுடச் சமைத்துக் கொடுக்க நேரம் இருப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நடந்து வந்த பிள்ளை, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு சூடான ரவை உப்புமாவையோ வெண்பொங்கலையோ சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது முகமே வேறாக இருக்கிறது. அதன் பிறகு சொல்லப்படும் முதல் பாடம் அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது. நலத்திட்டத்தைக் கற்றல் பகுதியில் எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்று சொன்னேன்.

கல்வி வளர்ச்சி நாளான ஜூலை 15, சுதந்திர தினம், ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம் ஆகியவை எல்லாப் பள்ளிகளிலும் போலவே எங்கள் பள்ளியிலும் கொண்டாடப்பட்டன. அவற்றைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்களைக் கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எங்கள் பிள்ளைகள் சேலத்துக்கு அடிக்கடி போவதில்லை. மருத்துவமனைக்கோ, திருவிழாத் துணி எடுக்கவோ, உறவினர் வீட்டுக் காரியங்களுக்கோ போய்வருவார்கள். போய்வந்த எந்தப் பிள்ளையும் வளைவுகளை மறப்பதில்லை. எந்த வளைவில் வாந்தி வந்தது, எங்கே குரங்குகள் உட்கார்ந்திருந்தன என்று இடம் சுட்டிச் சொல்வார்கள். அதனால் வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் அந்தப் பாதையை வரைந்தோம். அடிவாரத்தில் சுழியம், ஏற்காட்டு ஏரியருகே 20. ஒவ்வொரு வளைவிலும் எண்ணை எழுதியவர்கள் பிள்ளைகளே. ஒரு பிள்ளை பேருந்தாகும். இன்னொரு பிள்ளை நடத்துநராக விசில் ஊதும். ஏழாவது வளைவில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து வளைவு ஏறினால் எங்கே நிற்கும் என்று கேட்டால், நடந்தே விடை சொல்வார்கள். மேலே ஏறினால் கூட்டல், கீழே இறங்கினால் கழித்தல் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலே அதை உணர்ந்துகொண்டது.

இந்தப் பாதை பல வாரங்கள் தரையில் இருந்தது. அழிந்த இடங்களைப் பிள்ளைகளே திரும்ப வரைந்தார்கள். மொட்டு நிலைப் பிள்ளைகள் இரண்டு இரண்டு வளைவாகத் தாவினார்கள். மலர் நிலைப் பிள்ளைகள் ஏறும் பேருந்தும் இறங்கும் பேருந்தும் எந்த வளைவில் சந்திக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே வேகத்தில் வந்தால் பத்தாவது வளைவில் சந்திக்கும் என்று ஒரு சிறுவன் விடை சொன்னபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே மறுத்தாள். ஏறும் வண்டி மெதுவாகத்தான் வரும், அதனால் சந்திப்பு கீழேதான் நடக்கும் என்பது அவள் வாதம். பயிற்சி நூலில் இப்படியொரு கேள்விக்கு இடமில்லை. எனினும் ஆண்டின் சிறந்த கணித நிகழ்வு எது என்று என்னைக் கேட்டால் அந்த வாதத்தையே சொல்வேன்.

பல்லாங்குழியும் இதே அளவுக்கு உதவியது. 14 குழி, குழிக்கு 5 முத்து என்று வைத்தால் மொத்தம் 70. புளியங்கொட்டைக்குப் பதிலாகக் காய்ந்த காப்பிக்கொட்டையை வைத்து ஆடினோம். முத்துகளைக் கையில் அள்ளி ஒவ்வொன்றாக விதைத்து வரும் பிள்ளைக்கு ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல் தானாகவே கைவருகிறது. கையில் உள்ளது எந்தக் குழியில் தீரும் என்று முன்கூட்டியே பார்க்கும் பிள்ளை மனக்கணக்கின் வாசலுக்கு வந்துவிட்டது. பாட்டிமார் இந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள். ஒரு பாட்டி பேரனைக் கூப்பிட வந்தவர், உட்கார்ந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, “டீச்சரம்மா, இதைச் சொல்லிக் குடுக்கறதுக்கா பள்ளிக்கூடம்னு எங்க காலத்துல திட்டுவாங்க” என்றார். அவரை வாரம் ஒருமுறை வரச் சொன்னேன்; அவரும் வந்தார்.

இனி கலைத் திருவிழா. அரசுப் பள்ளிகளுக்கான இந்த விழா 2022-23இல் தொடங்கியபோது ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2024-25இல்தான் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். ஒப்புவித்தல், கதை கூறுதல், வண்ணம் தீட்டுதல், மாறுவேடம் போன்றவை சிறு வகுப்புகளுக்குரிய போட்டிகள். தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்தது நல்ல முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் பிள்ளைகள் வேறு பள்ளிப் பிள்ளைகளைப் பார்ப்பதே அரிது. ஆனால் போட்டி என்றவுடன் பள்ளிகளில் ஒரு பழக்கம் தலைதூக்குகிறது. நன்றாகப் பேசக்கூடிய ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் பல நாட்கள் பயிற்சி அளித்து, மற்ற எல்லோரையும் கைதட்டுபவர்களாக உட்கார வைத்துவிடுகிறோம். கைதட்டியே ஆண்டைக் கழித்த பிள்ளைக்கு அந்த விழா நடந்ததாகவே பொருளில்லை.

ஆகவே பள்ளி அளவிலான சுற்றில் எல்லாப் பிள்ளைகளும் கதை சொன்னார்கள். இதற்குச் சில வாரங்கள் பிடித்தன; ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கதைகளுக்கு மேல் கேட்க இயலாது. புத்தகக் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. வீட்டில் நடந்ததைச் சொன்னார்கள். பாட்டி சொன்னதைச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் பார்த்ததைத் தங்கள் ஊரில் நடந்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஒரு சிறுமி, இரவில் காட்டெருமை ஒன்று வீட்டுப் பின்புறத்துக்கு வந்ததையும், அப்பா விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் மூச்சுவிடாமல் உட்காரச் சொன்னதையும், குட்டித் தம்பி அந்த நேரம் பார்த்துத் தும்மியதையும் சொன்னாள். அந்தத் தும்மல் வந்த இடத்தில் வகுப்பே உறைந்து போனது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

சொல்லப்பட்ட கதைகளை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு எழுதினார்கள். கதை சொன்னவர்கள் படம் வரைந்தார்கள். தைத்து அட்டை போட்டபின் அது ஒரு தடித்த புத்தகமாயிற்று. வகுப்பறையின் வாசிப்புக் களத்தில், பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு நூல்களோடு அதுவும் தொங்கியது. நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் வந்த அந்த நூல்கள் அழகானவை, பிள்ளைகளுக்குப் பிடித்தவையும்கூட. இருந்தாலும் அதிகம் கசங்கியது எங்கள் புத்தகம்தான். தான் சொன்ன சொற்கள் எழுத்தாக இருப்பதைப் பார்க்கும் பிள்ளை, அடுத்து என்ன வரும் என்பதை அறிந்திருப்பதால் துணிந்து வாசிக்கிறது. துணிந்து வாசிக்கும்போது எழுத்து பழக்கமாகிறது. ஆண்டின் தொடக்கத்தில் அரும்பு நிலையில் இருந்த பலர் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியது இந்தப் புத்தகத்தில்தான்.

ஜூன் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசாத ஒரு சிறுவன் இருந்தான். பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். கதை சொல்லும் முறை வந்தபோது அவன் பொம்மலாட்டக் களத்தின் துணிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, காகித நரியைக் கையில் மாட்டிக்கொண்டு பேசினான். மூன்று வரிக் கதைதான். புத்தகத்தில் அவனுக்கும் ஒரு பக்கம் உண்டு. அருகிலுள்ள பள்ளிகள் சில சேர்ந்த குறுவள மைய அளவிலான கதை கூறுதல் போட்டியில் காட்டெருமைக் கதை சொன்ன சிறுமி இரண்டாம் இடம் பெற்றாள். வழக்கமான அறிக்கையில் அவள் பெயர் மட்டுமே இடம்பெற்றிருக்கும். நான் அந்த மூன்று வரிக் கதையையும் சேர்த்தே எழுதினேன், ஏனென்றால் இரண்டில் எது பெரிய தூரம் என்று எடைபோட எனக்கு அளவுகோல் கிடைக்கவில்லை.

மலையில் பள்ளி நடத்துபவர்களுக்குக் கடினமான காலம் நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை. சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அராபிகா வகைக் காப்பி பயிராகிறது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் தொடங்கிய பயிர் என்பது ஏற்காட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. பழம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும் என்பதால் ஒரே செடிக்குப் பலமுறை வர வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் அம்மா, அப்பா இருவரும் இருட்டுவதற்குள் வீடு திரும்புவதே பெரிது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஏழு வயது அக்கா நின்றுவிடுகிறாள். வருகைப் பதிவேட்டில் இடைவெளிகள் தோன்றுகின்றன. இதற்காகப் பெற்றோரைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டின் வருமானம் அந்தச் சில வாரங்களில்தான் வீட்டுக்குள் வருகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். கைக்குழந்தைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளப் பாட்டிமார் சிலர் முன்வந்தார்கள். இன்னொரு முடிவையும் எடுத்தோம். காப்பிப் பருவத்தில் வகுப்பறைச் செயல்பாடுகளும் காப்பியைச் சுற்றியே அமையும் என்று பெற்றோரிடம் சொன்னோம். இந்த இரண்டாவது முடிவு இந்த அளவுக்குப் பயன் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கைப்பிடிப் பழம் கொண்டுவந்தார்கள். முதலில் நிறம் பிரித்தல்: பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு. பிறகு இரண்டாம் வாய்ப்பாடு. ஒரு பழத்தைப் பிதுக்கினால் இரண்டு கொட்டை, இரண்டு பழத்தில் நான்கு, மூன்றில் ஆறு. பத்துப் பழம் வரை பிதுக்கி எண்ணி, வாய்ப்பாட்டைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அப்போது ஒருத்தி, “டீச்சர், இதுல ஒண்ணுதான் இருக்கு!” என்று கத்தினாள். உருண்டையாக ஒற்றைக் கொட்டை. வியாபாரிகள் பீபெரி என்று தனியாகப் பிரித்து விற்பது அதைத்தான். பழத்துக்குள் இரண்டு விதைகளில் ஒன்று வளராமல் போனால் மற்றது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டையாகிவிடுகிறது. வாய்ப்பாடு தவறா, பழம் தவறா என்ற விவாதம் அன்று முழுவதும் ஓடியது. எத்தனை பழத்தில் எத்தனை ஒற்றைக் கொட்டை என்று கோடு போட்டுக் குறித்துக்கொள்ள அவர்களே முடிவு செய்தார்கள். தரவு திரட்டுதல் என்று பாடத்திட்டத்தில் இருப்பது இதுதான். யாரும் கட்டாயப்படுத்தாமல் நடந்தது.

எடையையும் அப்படியே கற்றார்கள். ஊர்க் கடையிலிருந்து தராசை இரவல் வாங்கி ஒரு கிலோ பழத்தை நிறுத்தோம். முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைத்து, வாரந்தோறும் திரும்ப நிறுத்துச் சுவரில் எழுதினோம். வெயில் பட்ட வாரம் எவ்வளவு குறைந்தது, மேகமாக இருந்த வாரம் எவ்வளவு குறைந்தது என்று அருகருகே எழுதியபோது, பிள்ளைகளைவிட அவர்களைக் கூப்பிட வந்த அப்பாமார்தான் அந்தச் சுவருக்கு முன் அதிக நேரம் நின்றார்கள். ஐந்தாறு கிலோ பழத்தில் ஒரு கிலோ சுத்தக் கொட்டைதான் தேறும் என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. தங்கள் பிள்ளை அதை எழுதிக் காட்டியது புதிது. ஒரு தந்தை தன் வீட்டுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் கூட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த வாரங்களில் பிள்ளைகளின் வருகை முந்தைய ஆண்டுகளைவிட நன்றாக இருந்தது. தராசு ஒரு காரணம். பாட்டிமார் இன்னொரு காரணம்.

பிப்ரவரியில், பறிப்பு ஓய்ந்தபின், ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்கிட் பூங்காவுக்குப் போனோம். இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் கீழ் 1963 முதல் இயங்கிவரும் இடம் அது. பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் வண்டி ஏற்பாடு செய்தார்கள். பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைத் தாவரத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்றது. ஆனால் திரும்பிய பிறகு நடந்ததே எனக்கு முக்கியமாகப் பட்டது. பள்ளிக்கு வரும் வழியில் இருக்கும் பழைய மரங்களின் கிளைகளில் இதே போன்ற செடிகள் ஒட்டிக்கொண்டிருப்பதை மறுநாளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். எந்த மரத்தில் எத்தனை என்று வரைபடம் ஒன்று உருவாயிற்று. கலைத் திருவிழாவின் அவ்வாண்டு மையக்கருத்து சுற்றுச்சூழல் பாதுகாப்பை ஒட்டியதாக இருந்தது. அதைப் பற்றி ஒப்புவித்த வரிகளைவிட இந்த வரைபடம் பிள்ளைகளிடம் நெடுநாள் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆண்டு விழாவில் எங்கள் அறைப் பிள்ளைகள் நடனம் ஆடவில்லை. இதில் சில பெற்றோருக்கு வருத்தம் இருந்தது. வாடகைக்கு எடுத்த மினுக்கும் உடையில் பிள்ளையைப் பார்க்கும் ஆசை இயல்பானதுதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு ஒரு நடனமும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன், அதில் எல்லோரும் ஆடுவார்கள் என்ற ஏற்பாட்டுடன். இந்த ஆண்டு வகுப்பறையையே திறந்து வைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தைக் கைப்பிடித்து அழைத்துப்போய்த் தன் கதைப் பக்கத்தை வாசித்துக் காட்டியது; வளைவுப் பாதையில் அப்பாவை நடக்க வைத்துக் கணக்குக் கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகன் வாசித்த பக்கத்தை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். நியாயவிலைக் கடைப் பலகையில் அன்றைய இருப்பை இனி மகனே படித்துச் சொல்லிவிடுவான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஓராண்டில் ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்த திறன் அது.

எல்லோரும் மலர் நிலைக்கு வந்துவிடவில்லை. பெரும்பாலோர் வாக்கியங்களைத் தடையின்றி வாசிக்கிறார்கள். சிலர் இன்னும் மொட்டில் இருக்கிறார்கள். காப்பிப் பருவத்தில் நீண்ட நாட்கள் வராத ஓரிருவர் கூட்டெழுத்துச் சொற்களில் திணறுகிறார்கள். 2025 என்ற இலக்கு ஆண்டு வந்துவிட்டதால் அவர்களுக்கான காலம் முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அறிக்கையின் கடைசிப் பகுதியில் இதையும் எழுதினேன். மேடையில் அந்தப் பகுதி வாசிக்கப்பட வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் வாசித்தார். நான்காம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கான குறிப்பேட்டை ஏப்ரல் இறுதியில் அவரிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன முடியும், அடுத்து எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற இரண்டு செய்திகள் உள்ளன. விடுமுறையில் தராசுக்காரரிடமும் பேசிவிட்டேன். நவம்பரில் மறுபடி இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.